வெங்காயத்துக்கு வந்த கணினி தோஷம்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் நடக்க வழியில்லை. ரேஷன் கடை வரிசை என்று நினைத்து நின்ற ஒருவர், அரை மணி நேரம் கழித்துத்தான் இது வேறு வரிசை என்று தெரிந்துகொண்டார். தெரிந்த பிறகும் விலகவில்லை. இத்தனை பேர் நிற்கிறார்களே, ஒன்றும் இல்லாமலா நிற்பார்கள் என்று அவரும் நின்றார். நம் ஊரில் கூட்டம் சேர வேறு காரணம் வேண்டாம், கூட்டமே போதும்.

குன்னத்துக்காரர்கள் இருந்தார்கள். அரியலூரிலிருந்து முதல் பஸ் பிடித்தவர்கள் இருந்தார்கள். விக்கிரமங்கலத்திலிருந்து ஒரு குடும்பம் வேன் வைத்து வந்திருந்தது. ரெட்டிபாளையம் சிமெண்டு ஆலையில் ஷிப்டு முடித்த ஒருவர், தலைமுடியில் இருந்த சாம்பல் தூசியைக்கூடத் தட்டாமல் வந்து நின்றார். எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்.

கடைக்குப் போய் வாங்க வேண்டியதுதானே என்று கேட்டுவிடாதீர்கள். கம்ப்யூட்டர் என்ன கத்தரிக்காயா, அழுத்திப் பார்த்து வாங்க? அதற்கு ராசி பார்க்க வேண்டும், நட்சத்திரம் பார்க்க வேண்டும், மவுஸின் வால் தெற்குப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுவரொட்டி அப்படித்தான் சொன்னது.

சுவரொட்டியில் ஒரு கையில் வேப்பிலையும் மறு கையில் மவுஸுமாக நின்றவர் கணினி ஜாதக ரத்னா, மின்வாக்கு அருளாளர், ஸ்ரீ இளையபெருமாள் சுவாமிகள். கீழே கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: ‘புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குவோர் கவனத்துக்கு. எல்லா இயந்திரமும் எல்லோருக்கும் ஒத்துப்போவதில்லை. உயிர்மானி வைத்துப் பொருத்தம் பார்த்து வாங்குங்கள். நேரில் வர இயலாதோர் கைபட்ட பொருளைக் கொடுத்தனுப்பினால் போதும்.’

சுவாமிகள் நான்கு வருஷத்துக்கு முன்பு செல்போனுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தவர். ஜனங்கள் தாங்களாகவே போனில் ரீசார்ஜ் செய்யக் கற்றுக்கொண்டார்கள். கமிஷன் நின்றது. கமிஷன் நின்ற அதே மாதம் அருள் வந்தது. கடவுளுக்குத்தான் எவ்வளவு நேரம் பார்த்து வரத் தெரிந்திருக்கிறது.

மாடியில் சுவாமிகள். கீழே ‘சுபலக்ன சிஸ்டம்ஸ்’ என்ற கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் பிரேம், சுவாமிகளின் சொந்த மைத்துனர். மாடியில் நோய் தெரியும், கீழே மருந்து கிடைக்கும். ஒரே படிக்கட்டு.

அந்தப் படிக்கட்டின் மூன்றாவது படியில் கையில் மஞ்சள் பையோடு நின்றிருந்தாள் கொளஞ்சி. குன்னத்துக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு, அதில் மக்காச்சோளமும் கொஞ்சம் சின்ன வெங்காயமும். முன்படியில் அவள் புருஷன் பூமாலை. பின்படியில் மகள் சத்யா, கையில் ஒரு சீட்டோடு.

சத்யா பி.காம். முடித்தவள். திருச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை கிடைத்திருந்தது. வீட்டிலிருந்தபடியே பில்களைச் சரிபார்த்து ஏற்ற வேண்டும். ஒரே நிபந்தனை, சொந்தக் கம்ப்யூட்டர் இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதன் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அதே வாரத்தில் இன்னொரு பட்டியலும் ஓடிக்கொண்டிருந்தது. அரியலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார், ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரட்டுமா என்று பூமாலையைக் கேட்டிருந்தார்கள். சத்யா இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் பிறகு யோசிக்கலாம் என்றாள். பூமாலை தீர்ப்பு வழங்கினான். கம்ப்யூட்டர் அமைந்தால் வேலை, அமையாவிட்டால் மாசியிலேயே கல்யாணம். அமைவதா அமையாததா என்று யார் சொல்வது? அதற்குத்தான் இந்தப் படிக்கட்டு.

“வாங்கறதுக்கு மின்னாடி ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்குறதுல என்ன கெட்டுப்போவுது?” என்று பஸ்ஸிலேயே கேட்டான் பூமாலை.

“கேக்கலாங்க. வெவரம் தெரிஞ்சவன்கிட்ட கேக்கணும்,” என்றாள் கொளஞ்சி.

கொளஞ்சிக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதற்காக அவள் வெட்கப்பட்டதும் இல்லை. தெரியாததை மகளிடம் கேட்டாள். ஆடிட்டர் ஆபீஸில் சொன்னதைச் சத்யா சீட்டில் எழுதி வைத்திருந்தாள். எட்டு ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி., ஒரு வருஷ வாரண்டி, பில்.

“ரேம்னா என்னாடி?”

“வேல பாக்குற மேசை மாதிரிம்மா. மேசை பெருசா இருந்தா நாலு நோட்ட ஒண்ணா விரிச்சு வெச்சுக்கலாம். எஸ்.எஸ்.டி.ன்னா பீரோ. எல்லாத்தயும் அதுலதான் வெக்கிறது. பழைய பீரோ தொறக்கறதுக்கே நேரமாவும், இது டக்குனு தொறக்கும்.”

“அவ்வளவுதானா?”

“எனக்கு அவ்வளவு போதும்மா.”

கொளஞ்சிக்கும் போதுமாக இருந்தது. பூமாலைக்குத்தான் போதவில்லை. இவ்வளவு சுலபமாகப் புரிகிற விஷயத்தில் ஏதோ ஆபத்து இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

படியில் அவர்களுக்கு முன்னால் நின்ற பாப்பாயி, பேரனுக்காக வந்தவள், சாமியின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். “எங்கூர்ல ஒரு பையன் சாமிய கேக்காம வாங்கிட்டான். மூணே மாசம். பொட்டி பொசுங்கிப்போச்சு.”

“இடி விழுந்துச்சுன்னுல்ல சொன்னாங்க?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“சாமிய கேட்டிருந்தா இடி ஏன் விழுது?” என்றாள் பாப்பாயி. படிக்கட்டில் நின்ற நான்கைந்து பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மாடியில் ஊதுவத்திப் புகை. ஒரு மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கீபோர்டுக்குக் கதம்பம் சூட்டியிருந்தார்கள். சுவாமிகள் மான்தோல் மாதிரி அச்சடித்த ரப்பர் பாயில் உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் தீர்த்தச் செம்பு, இடது பக்கம் விபூதித் தட்டு. மடியில் உயிர்மானி. கைக்கு அடக்கமான பொருள்தான். உடம்பு முழுக்கச் சிவப்புப் பட்டு சுற்றியிருந்தது. முனையில் இரண்டு எஃகு ஊசிகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சுவாமிகள் பார்ப்பதற்கென்று பட்டில் ஒரு கீற்று விட்டிருந்தார்கள்.

முதலில் செந்தில்குமார் மகனை உட்கார வைத்தார். செந்தில்குமார் மக்காச்சோள மண்டி வைத்திருப்பவர். கழுத்துச் சங்கிலி சட்டைக்கு மேலே கிடந்தது. சுவாமிகள் சங்கிலியைப் பார்த்தார், பிறகு பையனைப் பார்த்தார். விபூதி எடுத்துப் பையன் உள்ளங்கையில் நன்றாகத் தேய்த்தார். ஊசிகளை வைத்தார். சத்தமே இல்லை.

“அமைதி. பூரண அமைதி. ராஜயோக ஜாதகம். இருக்கறதுலயே பெரிய மிஷினா வாங்குங்க. சின்னது இவன் கையில தங்காது.”

செந்தில்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தார்.

அடுத்து பாப்பாயியின் பேரன். பாப்பாயி கழுத்தில் மஞ்சள் கயிறுதான் இருந்தது. சுவாமிகள் விபூதித் தட்டுப் பக்கம் போகவில்லை, செம்பை எடுத்தார். பையன் கையில் தீர்த்தம் விட்டு, “குடிக்காத, அப்புடியே வெச்சிரு” என்றார். ஊசி பட்டதும் உயிர்மானி கீச்கீச்சென்று கத்தியது. தோஷம். நிவர்த்தி பூஜை ஒன்று, பூஜை செய்த மிஷின் ஒன்று.

கொளஞ்சி அந்தச் சத்தத்தைக் கேட்டு நிமிர்ந்தாள். எங்கேயோ கேட்ட சத்தம். எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

சத்யா உட்கார்ந்தாள்.

“நட்சத்திரம்?”

“ஆயில்யம் சாமி,” என்றான் பூமாலை, மன்னிப்புக் கேட்பதுபோல.

சுவாமிகள் ஒரு பெருமூச்சு விட்டார். செம்பை எடுத்தார். தீர்த்தம். ஊசி. கீச்கீச்.

“பாத்தீங்களா? பொண்ணுக்கும் மிஷினுக்கும் ஜென்மப் பகை. கையில என்னம்மா சீட்டு?” வாங்கிப் பார்த்துச் சிரித்தார். “எட்டு ஜி.பி.யா? ஆயில்யத்துக்கு எட்டு ஆகவே ஆகாது. எட்டுன்னா சனி.”

“அப்ப பதினாறு?” என்றாள் சத்யா.

“அது ரெண்டு எட்டு. ரெண்டு சனி.”

“வேற என்னதாங்க வாங்குறது?”

“ஏழு.”

“ஏழு ஜி.பி.ன்னு கடையில விக்கிறதே கிடையாதுங்க.”

“கெடைக்காததக் குடுக்கத்தானேம்மா நான் இருக்கேன். கீழ மச்சான் கடையில ஏழு ஜி.பி. ஆவாகனம் பண்ணி வெச்சிருக்கு. வெல கொஞ்சம் கூட வரும். அதுவும் உன் பேர்ல வேண்டாம், தம்பி இருந்தா அவன் பேர்ல வாங்கட்டும். நீ தொடாம இருக்கறது நல்லது.” பிறகு பூமாலையின் பக்கம் திரும்பினார். “இல்லையா, மொதல்ல கல்யாணத்த முடிங்க. புருசன் நட்சத்திரம் வந்து தாங்கிக்கும். அப்பறம் பாக்கலாம்.”

வேலை பார்க்கப் போகிறவள் தொடக்கூடாத கம்ப்யூட்டர். கேட்ட பூமாலைக்கு அது விசித்திரமாகவே படவில்லை. அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. முடிவெடுக்கிற பாரத்தை வேறொருவர் தூக்கிக்கொண்ட நிம்மதி. சத்யா கை நீட்டிச் சீட்டைத் திரும்ப வாங்கினாள். நாலாக மடித்தாள். இனி தேவைப்படாத காகிதத்தை மடிக்கிற மாதிரி மடித்தாள்.

கொளஞ்சி அந்த மடிப்புகளைப் பார்த்தாள். மூன்று வருஷம் விடிகாலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்த பெண். இரண்டு ஊசியும் ஒரு கை தண்ணீரும் சேர்ந்து அவளை மணையில் உட்கார வைத்துவிடுமா?

மணி பத்தரை. சுவாமிகள் எழுந்தார். ராகு காலம். பன்னிரண்டுக்குத்தான் இனி வாக்கு. உயிர்மானியை இடுப்பில் செருகிக்கொண்டு காபி குடிக்கப் போனார். ராகு காலத்தில் காபிக்குத் தோஷமில்லை போலிருக்கிறது.

பூமாலை போனை எடுத்தான். “அரியலூருக்குச் சொல்லிடவா? ஞாயித்துக்கெழம வரட்டும்.”

“ராகு காலத்துலயா நல்ல சேதி சொல்லுவாங்க? பன்னெண்டு ஆவட்டுங்க,” என்றாள் கொளஞ்சி.

பூமாலை நாக்கைக் கடித்துக்கொண்டு போனைப் பையில் போட்டான். அவனை அவன் ஆயுதத்தாலேயே ஒன்றரை மணி நேரம் கட்டிப் போட்டாகிவிட்டது.

எதிர்க் கடையில் டீ வாங்கிக் குடித்தபடி கொளஞ்சி யோசித்தாள். சங்கிலிக்கு விபூதி. மஞ்சள் கயிற்றுக்குத் தீர்த்தம். காய்ந்த கைக்குச் சத்தமில்லை. ஈரக் கைக்குக் கீச்கீச். மஞ்சள் பையைக் கீழே வைத்தபோது உள்ளே மக்காச்சோளம் சலசலத்தது. நேற்று மண்டியில் மாதிரி காட்டக் கொண்டுபோன சோளம், ஒரு படி அளவு, பையிலேயே கிடந்தது. அதற்கு மேலே, பெரம்பலூரில் இருக்கும் நாத்தனாருக்கென்று கொண்டுவந்த சின்ன வெங்காயம்.

அந்தச் சத்தம் எங்கே கேட்டது என்று அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டது. ஆனால் பட்டுக்குள் இருப்பதை எடுத்துப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? சொன்னால்தான் யார் கேட்பார்கள்?

மண்டியில் சோளம் போடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வியாபாரி மீட்டரை வைத்துப் பார்த்து ஈரம் பதினெட்டு சதவீதம் என்று சொல்லி விலையைக் குறைத்தால் கொளஞ்சி சண்டை போட மாட்டாள். அதே மூட்டையிலிருந்து இரண்டு கைப்பிடி எடுப்பாள். ஒன்றைத் தன் பெயரிலும் மற்றதைப் பக்கத்துக் காட்டுக்காரி பெயரிலும் நீட்டுவாள். இரண்டுக்கும் ஒரே எண் வந்தால் மீட்டர் யோக்கியம். ஒன்றுக்குப் பதினெட்டும் இன்னொன்றுக்குப் பதினாலும் வந்தால் மீட்டர் பிடிக்கிற கை அயோக்கியம். அவர்கள் ஊரில் இதற்குப் பெயரே ‘ஒரு மூட்டை, ரெண்டு பேரு’. பள்ளிக்கூடம் போகாதவளும் செய்கிற பரீட்சை.

பன்னிரண்டு அடித்தது. கொளஞ்சி பூமாலையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடியேறினாள். சத்யா பின்னால் வந்தாள். கூடம் நிரம்பியிருந்தது. பாப்பாயி இருந்தாள், பேரனின் பூஜைக்குக் காத்திருந்தாள். செந்தில்குமாரும் மகனோடு சுவரோரமாகவே இருந்தார். ராஜயோகத்துக்கு நல்ல நேரம் பன்னிரண்டரை என்று சொல்லியிருந்தார்கள்.

“சாமி, பொண்ணுக்கு வேணாங்க. நீங்க சொன்னா சரிதான்,” என்றாள் கொளஞ்சி. “எனக்கு ரெண்டு ஆம்பளப் புள்ளைங்க. காட்டுல அறுப்பு நடக்குது, வரமுடியல. ரெண்டு பேருக்கும் ஆளுக்கொண்ணு வாங்கலாம்னு இருக்கோம்.”

“நமக்கு ஏது ரெ…” என்று ஆரம்பித்த பூமாலையின் காலை அவள் அழுத்தி மிதித்தாள்.

ஆளுக்கொன்று என்றதும் சுவாமிகள் முகம் மலர்ந்தது. “கைபட்ட பொருள் கொண்டாந்தியா தாயி?”

கொளஞ்சி பாதி உரித்த ஒரு வெங்காயத்தை எடுத்து வெற்றிலையில் வைத்தாள். “இது பெரியவன் சுரேஷ்குமார் கைபட்டது. அவன் பறிச்சதுதாங்க.”

சுவாமிகள் வெங்காயத்தைப் பார்த்தார். கொளஞ்சியைப் பார்த்தார். இரண்டு மிஷினை நினைத்துக்கொண்டார். ஊசிகளை வெங்காயத்தில் குத்தினார். உயிர்மானி காது கிழியக் கத்தியது.

“கடும் தோஷம்,” என்று கண்ணை மூடினார் சுவாமிகள். “பையன் முன்கோபி. சொன்ன பேச்சு கேக்க மாட்டான். மிஷின தொட்டா மிஷினும் போவும், படிப்பும் போவும். மூணு வெள்ளிக்கெழம பூஜை.”

வெங்காயத்துக்கு முன்கோபம். கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ‘உச்’ கொட்டினார்கள்.

கொளஞ்சி ஒரு காகிதத்தில் இரண்டு கைப்பிடி மக்காச்சோளத்தைக் குவித்து வைத்தாள். “இது சின்னவன் மணிமாறன் கைபட்டது.”

ஊசிகள் சோளத்துக்குள் இறங்கின. சத்தமே இல்லை.

“ஆகா,” என்றார் சுவாமிகள். “இவன் தங்கம். சாந்த குணம். தாய்க்கு அடங்கின புள்ள. இவனால அண்ணனுக்கே வாழ்வு. பெரிய மிஷினா வாங்கு.”

“பாப்பாயிக்கா, கேட்டீங்களா? பெரியவன் முன்கோபி. சின்னவன் தங்கம்,” என்றாள் கொளஞ்சி.

“கேட்டேன், கேட்டேன். ஒரு வவுத்துல பொறந்ததுங்கதான், பாரு,” என்றாள் பாப்பாயி.

“சாமி, எனக்கு ஆம்பளப் புள்ள ஒண்ணே ஒண்ணுதாங்க. சுரேஷ்குமார். மணிமாறன்னு எனக்கு யாருமே பொறக்கல. வெங்காயத்தப் பறிச்சதும் அவன்தான். சோளத்த அள்ளிப் பையில போட்டதும் அவன்தான். ஒரே கை. வெங்காயத்துல முன்கோபியா இருந்தவன், சோளத்துல எப்புடிங்க தங்கமானான்?”

சுவாமிகள் நான்கு வருஷ அனுபவசாலி, சும்மா விடுவாரா? “வெங்காயம் தாமச குணம் தாயி. அது அவன் குணத்த மறைச்சிடும். தெய்வத்த சோதிக்கக் கூடாது.”

சிலர் தலையாட்டினார்கள். தலையாட்டியே பழகியவர்கள் என்ன செய்வார்கள்? கொளஞ்சிக்கு ஒரு நொடி பயம் வந்தது. இவ்வளவு வெட்டவெளிச்சமாகக் காட்டியும் நம்ப மாட்டார்கள் போலிருக்கிறதே. மகளின் திங்கட்கிழமை இங்கேயே முடிந்துவிடுமோ?

அப்போதுதான் பூமாலை வாயைத் திறந்தான். அவன் சாமியைப் பார்க்கவில்லை. சோளத்தில் நின்ற ஊசிகளுக்கு மேலே, பட்டில் இருந்த கீற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“பதினாலு புள்ளி ரெண்டு,” என்றான்.

“என்னாங்க?”

“பதினாலு புள்ளி ரெண்டுன்னு காட்டுது. நேத்து மண்டியில நம்ம சோளத்துக்கு இதே நம்பர்தான் வந்துச்சு.” அவன் குரல் மெல்ல ஏறியது. “ஏ கொளஞ்சி, இது ஈரம் பாக்குற மீட்டரு.”

சுவாமிகள் பிடுங்குவதற்குள் பூமாலை அதைத் தூக்கிவிட்டான். பட்டை உருவினான். மூன்று சுற்றுப் பட்டுக்கு உள்ளே மஞ்சள் பிளாஸ்டிக் உடம்பு. அதில் ஒரு மக்காச்சோளக் கதிர் படம் ஒட்டியிருந்தது. ஈரம் இவ்வளவுக்கு மேல் போனால் கத்தும். வெங்காயத்தில் குத்தினாலும் கத்தும், தீர்த்தம் ஊற்றிய கையில் வைத்தாலும் கத்தும். விபூதி தேய்த்து உலர்த்திய கையில் வாயைத் திறக்காது.

கூடத்தில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த மீட்டர் ஜென்மப் பகை. தை மாதம் முழுக்க அதைத் திட்டாமல் ஒருவரும் சோறு தின்றதில்லை. அதே மீட்டர் ஒரு முழம் பட்டைச் சுற்றிக்கொண்டு வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எல்லோரும் செந்தில்குமாரைத் திரும்பிப் பார்த்தார்கள். தினமும் முப்பது தடவை அதே மீட்டரைக் கையில் பிடிக்கிற மனிதர். காலையில் அதன் முன்னால் கண் கலங்கியவர். அவர் தன் சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டார்.

சத்யா முன்னால் வந்தாள். “அப்பா, இங்க குடுங்க.” துப்பட்டாவில் கையை நன்றாகத் துடைத்தாள். விபூதி தேய்த்தாள். ஊசிகளை உள்ளங்கையில் வைத்தாள். மீட்டர் பேசவில்லை. செம்பிலிருந்து தீர்த்தம் ஊற்றி மறுபடி வைத்தாள். கீச்கீச். துடைத்தாள், நின்றது. ஊற்றினாள், கத்தியது.

“எந்த நேரத்துல எனக்கு ஆயில்யம், எந்த நேரத்துல இல்லன்னு யாராச்சும் சொல்லுங்க,” என்றாள்.

பாப்பாயி நேராகப் போய்ச் சுவாமிகளின் வலது கையைப் பிடித்து நீட்டினாள். “சாமிக்கும் பாரு பாப்பா.”

சுவாமிகளுக்குத் தீர்த்தம் தேவைப்படவில்லை. கை அப்படி வேர்த்திருந்தது. மீட்டர் அன்றைக்கு முழுக்கக் கத்தாத கத்தாகக் கத்தியது.

“மூணு வெள்ளிக்கெழம பூஜை பண்ணிக்க,” என்றாள் பாப்பாயி. “எம் பேரன் பணத்த எடு மொதல்ல.”

அதன் பிறகு கீழே கடையில் நடந்ததை நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஆவாகனம் செய்த ஏழு ஜி.பி. மிஷினைச் சத்யா எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டினாள். பெட்டிக்கு மேலே ஏழு என்று ஸ்டிக்கர். உள்ளே நாலு. அதுவும் யாரோ பழையதாகப் போட்டுவிட்டுப் போனது. “மாடி வாடகைக்கு விட்டதுங்க, அங்க நடக்கறது எனக்குத் தெரியாது,” என்றார் பிரேம். தன் அக்காளைக் கட்டியவரை அவ்வளவு சீக்கிரம் வாடகைக்காரராக்கிவிட்டார். போலீஸ் வருகிறது என்று யாரோ சொன்னதும் மின்வாக்கு அருளாளர் நைசாகப் படியிறங்கிப் போகப் பார்த்தார். சிமெண்டு ஆலையிலிருந்து வந்த ரெட்டிபாளையத்துக்காரர் படியடியில்தான் வழியை மறித்து நின்றுகொண்டிருந்தார்.

கொளஞ்சி அதையெல்லாம் நின்று பார்க்கவில்லை. மெயின் ரோட்டில் வேறொரு கம்ப்யூட்டர் கடைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தக் கடைக்காரரும் உத்தமர் என்று அவள் நினைத்துக்கொள்ளவில்லை.

“எம் பொண்ணு பில்லு ஏத்துற வேல பாக்கணும். வெளயாட்டுக்கு இல்ல, படம் பாக்க இல்ல. அதுக்கு எது போதும்?” என்று கேட்டாள்.

கடைக்காரர் விலை உயர்ந்த ஒன்றைக் காட்டினார். சத்யா சீட்டைப் பிரித்தாள், நாலு மடிப்பையும் நீவி விட்டாள். அவர் அதைப் படித்துவிட்டு வேறொன்றை எடுத்து வைத்தார்.

“பெட்டிய எங்க மின்னாடி பிரிங்க. போட்டுக் காட்டுங்க. உள்ள எட்டு இருக்கான்னு அவ பாக்கட்டும். ரிப்பேரானா யாரு வருவாங்க, எந்த நம்பருக்குப் பேசணும்? அத பில்லுலயே எழுதிக் குடுங்க.” பிறகு அதே மாடலுக்கு எதிர்க் கடையில் என்ன விலை என்று பூமாலையை அனுப்பிக் கேட்டு வரச் சொன்னாள். ஒரு மூட்டை, ரெண்டு பேரு. விலை கொஞ்சம் இறங்கியது.

கம்ப்யூட்டர் வாங்குவதற்கு வேண்டிய ஞானம் இவ்வளவுதான். இதற்கு வேப்பிலை தேவைப்படவில்லை.

பஸ்ஸுக்குப் போகும்போது பூமாலை அரியலூருக்குப் போன் போட்டான். “ஞாயித்துக்கெழம வேணாங்க. பொண்ணுக்குத் திங்கக்கெழம வேல. ரெண்டு வருசம் போவட்டும்.” பஸ்ஸில் ஏறியதும் சத்யா பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஆயில்யக் கை பட்டு அது பொசுங்கிவிடவில்லை.

பஸ் கிளம்பியதும் பூமாலை மனைவி பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டான். “ஏ கொளஞ்சி, திங்கக்கெழம பத்தரைக்கு எமகண்டம் ஆரம்பிக்கிது. ஒம்போது மணிக்கே ஒரு தடவ போட்டு வெச்சிடச் சொல்லவா?”

கொளஞ்சி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மஞ்சள் பையிலிருந்து அந்தப் பாதி உரித்த வெங்காயத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

“இதுகிட்ட கேளுங்க,” என்றாள்.

அவன் மட்டுமா? அன்று சாயங்காலமே அந்தக் கூட்டத்தில் பத்துப் பேர், பெரம்பலூரில் நல்ல சாமி வேறு யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். சோளத்தை விற்கும்போது மீட்டரையே சந்தேகப்படுகிறீர்களே, ஐயா. பெற்ற பிள்ளையின் வாழ்க்கை என்று வந்ததும் அந்தச் சந்தேகத்தைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போகிறீர்கள். திரும்பி வரும்போது செருப்பை மட்டும் மறக்காமல் மாட்டிக்கொள்கிறீர்கள்.